வால் அறுந்த சொல்

தண்டோராக்காரன் தப்பை அடித்துக்கொண்டே தெருக்கோடியில் திரும்பியபோது, நஞ்சம்மாள் கையில் துடைப்பத்தோடு வாசலில் நின்றிருந்தாள். போன வாரம் அவளை அங்கேதான் விட்டுவிட்டு வந்தோம். இப்போது விடிந்துவிட்டது. இனி அவளுக்கு நிற்க நேரமில்லை.

புங்கனஅள்ளியில் நடந்ததை மறந்துபோனவர்களுக்கு ஒரு வார்த்தை. மாரியம்மன் திருவிழாவில் கரகம் நஞ்சம்மாளின் புருஷன் வெங்கடாசலத்தின் வீட்டு வாசலுக்கு வந்தபோது சரிந்து விழுந்து உடைந்தது. கரகம் சுமந்தவன் காளியன், நஞ்சம்மாளின் உடன்பிறந்த தம்பி. கரகம் விழுந்த நேரத்தில் வாசலில் நின்றவள் மதலேனம்மாள், நஞ்சம்மாளின் மருமகள். வெங்கடாசலத்துக்கு அத்தை வழிச் சொந்தம்தான் என்றாலும், இரண்டு தலைமுறைக்கு முன்பே வேதத்தில் சேர்ந்து கிறிஸ்தவர்களாகிவிட்ட குடும்பத்துப் பெண். முறைப்பெண்ணை விடமாட்டேன் என்று நஞ்சம்மாளின் மகன் மாதையன் ஒற்றைக்காலில் நின்று கட்டிக்கொண்டு வந்தான். கட்டிக்கொண்டு வந்த சூட்டோடு கோலார் தங்கவயலுக்கு வேலைக்குப் போய்விட்டான். மதலை என்று எல்லோரும் கூப்பிடும் அந்தப் பெண்ணும் அவளுடைய மாமியாரும் ஒரே அடுப்பை ஊதிக்கொண்டு கிடக்கிறார்கள்.

கரகம் விழுந்ததை ஊரே பார்த்தது. ஏன் விழுந்தது என்பதற்கு முதல் நாள் வீட்டுக்கு ஒரு காரணம் இருந்தது. மறுநாள் எல்லா வீட்டுக்கும் ஒரே காரணமாகிவிட்டது. வேதக்காரப் பெண் ஆத்தா முன்னால் நின்று சிலுவை போட்டாள், ஆத்தா கோபித்துக்கொண்டாள், கரகம் விழுந்தது. அவ்வளவுதான் கதை.

இன்று பொழுது சாயக் கோயில் முன்னால் கூட்டம். மதலையை அப்பன் வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும். அனுப்பாவிட்டால் வெங்கடாசலத்தின் வீட்டுக்கு ஊரில் நெருப்பும் கிடையாது, தண்ணீரும் கிடையாது. ஊர் இந்த இரண்டில் ஒன்றைச் சொல்லப்போகிறது என்று தெருநாய்க்குக்கூடத் தெரிந்திருந்தது.

வெங்கடாசலம் நல்ல மனுஷர். நல்ல மனுஷர்களிடம் ஒரு தொல்லை உண்டு, சண்டை வருமுன்பே தோற்றுவிடுவார்கள். காலையில் களியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டே மெல்ல ஆரம்பித்தார். கூட்டம் கூடுவதற்குள் வண்டி கட்டி மதலையைத் தருமபுரிக்கு அந்தப் பக்கம் அவள் அப்பன் ஊரில் விட்டுவிடலாம், நாலு மாதம் போனால் எல்லாரும் மறந்துவிடுவார்கள், பிறகு சத்தமில்லாமல் கூட்டிக்கொண்டு வரலாம் என்றார்.

அடுப்படியில் மதலையின் கை நின்றது.

நஞ்சம்மாளுக்கு மருமகள் மேல் ஆயிரம் குறை. கேழ்வரகுக் களி கிண்டினால் கட்டி தட்டும். கூப்பிட்டால் இரண்டாவது குரலுக்குத்தான் வருவாள். விளக்கேற்றிச் சாமி கும்பிடும்போது, தலையைக் குனிந்து பேசாமல் நிற்பாளே தவிர, கையெடுத்துக் கும்பிட மாட்டாள். இதையெல்லாம் நஞ்சம்மாள் வாய் ஓயாமல் சொல்லியிருக்கிறாள். ஆனால் தான் திட்டுகிற மருமகளை ஊரும் சேர்ந்து திட்டினால் மாமியாருக்கு அப்புறம் என்ன மரியாதை இருக்கிறது?

“சத்தமில்லாம கொண்டு வுட்டா அவ தப்பு செஞ்சான்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி. மருமவளைக் கொண்டுபோய் வுடறதா இருந்தா ஊரறிய வுடுவேன். வெச்சுக்கறதா இருந்தாலும் ஊரறிய வெச்சுக்குவேன்” என்று சொல்லிவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போனாள்.

கிணற்றடியில் பேச்சு நன்றாகக் கொதித்துக்கொண்டிருந்தது. உலகச் சண்டைக் காலம் ஆயிற்றே, சேதிக்குப் பஞ்சமா? ஓசூர் போகிற சின்ன ரயிலின் தண்டவாளத்தைப் பெயர்த்துப் பீரங்கி செய்யப்போகிறார்களாமா. காரிமங்கலம் சந்தையில் மண்ணெண்ணெய் இனி கண்ணில் காட்ட மாட்டார்களாமா. நம் பக்கத்தில் இது ஒரு நல்ல வழக்கம். கண்ணால் பார்த்ததை ‘வந்தான்’ என்போம். காதால் கேட்டதை ‘வந்தானாமா’ என்போம். அந்த ‘ஆமா’வை வாலாக ஒட்டிவிட்டால் பொறுப்பு நம் தலையில் இல்லை. பொய்யாகப் போனாலும் நம்மை யாரும் பிடிக்க முடியாது.

நஞ்சம்மாளைக் கண்டதும் பேச்சு நின்றது. பக்கத்து வீட்டுச் சின்னக்காவுக்கு மட்டும் நிறுத்தத் தெரியாது. பாவம், அவள் கெட்டவள் இல்லை. வாயில் போட்ட வெற்றிலையைப் போலச் சேதியையும் மென்று துப்பினால்தான் அவளுக்கு நிம்மதி. நஞ்சம்மாளின் மருமகளைப் பற்றி நஞ்சம்மாளிடமே சொன்னாள்.

“கரகம் வரப்ப உம்மருமவ திரும்பி நின்னுக்கிட்டாளாமா. சிரிச்சாளாமா. அப்புறமா நெஞ்சுல சிலுவை போட்டாளாமா. ஏன்க்கா, நெசமா?”

நீ எங்கே இருந்தாய் என்று நஞ்சம்மாள் கேட்டாள். சின்னக்கா அன்றைக்கு வீட்டில் புளி கரைத்துக்கொண்டிருந்தாளாம். சத்தம் கேட்டு ஓடி வந்தபோது கரகம் ஓடு ஓடாகக் கிடந்ததாம். நஞ்சம்மாள் மேலே ஒன்றும் கேட்காமல் தண்ணீரைச் சேந்திக்கொண்டு திரும்பினாள்.

இந்த மூன்று ‘ஆமா’வும் அவள் காதிலேயே நின்றன.

வீட்டுக்குப் போகும் வழியில் காளியன் காத்துக்கொண்டிருந்தான். கையில் கட்டிய காப்பு இன்னும் அவிழவில்லை. கரகம் கோயில் போய்ச் சேர்ந்தால்தான் காப்பை அவிழ்க்கலாம், அதுவரை விரதம். ஒருவேளைச் சோற்றில் ஆள் பாதியாகியிருந்தான். அவர்கள் அப்பன் சுமந்த கரகம், அப்பனுக்கு அப்பன் சுமந்த கரகம். அந்தத் தலைமுறை மானம் முழுக்க இப்போது காளியனின் மெலிந்த கழுத்தில் இருந்தது.

அவன் அக்காவைப் பார்க்காமல் தரையைப் பார்த்துப் பேசினான். “அக்கா, நீ பாத்ததை இன்னிக்குச் சொல்லாத.”

நஞ்சம்மாள் என்ன பார்த்தாள் என்பது இத்தனை நாளாக அக்காவுக்கும் தம்பிக்கும் மட்டும் தெரிந்த சேதி. கரகம் தெருவில் வரும்போது எல்லாரும் அண்ணாந்து பார்ப்பார்கள். தலைமேல் ஆடுகிற கரகத்தையும் அதன் உச்சியில் உள்ள பூவையும் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். குனிந்து பார்ப்பவள் ஒருத்திதான். சுமந்து வருபவன் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுகிற வீட்டுக்காரி. அன்றைக்கு ஊற்றியவள் நஞ்சம்மாள். தெரு முழுக்க வாசலுக்கு வாசல் ஊற்றிய தண்ணீர் பள்ளத்துக்கு ஓடி வந்து அவள் வாசலில் சேறாகிக் கிடந்தது. காளியனின் பெருவிரல் அந்தச் சேற்றில் வழுக்கியதை, அவன் காலடியில் குனிந்தபடி, அவள் கண்ணால் பார்த்தாள்.

“நான் வழுக்கினேன்னு தெரிஞ்சா, விரதம் தப்பினவன்னு சொல்லுவாங்கக்கா. அடுத்த வருசம் கரகம் பங்காளி வூட்டுக்குப் போயிரும். நம்ம அப்பன் பேரு போயிரும். ஆத்தா தள்ளினான்னு இருந்துட்டுப் போவட்டும்.”

“ஆத்தா தள்ளினான்னா, எம்மருமவ போவணுமே.”

காளியன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவன் அழுதான். பெரிய ஆண்பிள்ளை நடுப்பாதையில் அழுவதை நஞ்சம்மாளால் பார்க்க முடியவில்லை. இடுப்பில் வைத்து வளர்த்த தம்பி அவன். வருகிறேன் என்றும் சொல்லாமல் நடந்துவிட்டாள். அன்று பகல் முழுவதும் அவள் சோறு தின்னவில்லை. ஒரு பக்கம் அப்பன் பேர், இன்னொரு பக்கம் அடுப்படியில் ஓசையில்லாமல் பாத்திரம் கழுவுகிற பெண். எதை விட்டாலும் நெஞ்சில் ஓட்டை விழும் என்று அவளுக்குத் தெரிந்தது.

பொழுது சாய ஊர் கூடியது. கோயில் முன்னால் உள்ள கல்லில் ஊர்க்கவுண்டர் சென்னப்பன் உட்கார்ந்திருந்தார். நியாயம் தெரிந்தவர். ஆனால் நெடுநேரம் உட்கார்ந்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும் என்பதால் தீர்ப்பைச் சுருக்கச் சொல்லி முடிப்பவர். பக்கத்தில் பூசாரி மாது நெற்றி நிறையத் திருநீற்றோடு நின்றார். காளியன் கூட்டத்தில் கலக்காமல் பலிக்கல் ஓரம் தனியாக நின்றான். பெண்கள் கூட்டத்தின் கடைசியில் மதலை தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு நின்றாள்.

சென்னப்பன் வெங்கடாசலத்தைக் கேட்டார். வெங்கடாசலம் துண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு, ஊர் சொல்வதற்குக் கட்டுப்பட்டவன் என்று குழைந்தார். முடிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள். சென்னப்பன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தார்.

“ஒரு வார்த்தைங்க” என்று நஞ்சம்மாள் முன்னால் வந்தாள்.

கூட்டத்தில் பொம்பளைக்கு என்ன பேச்சு என்று யாரோ முணுமுணுத்தார்கள். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கரகத்துக்குத் தண்ணீர் ஊற்ற மட்டும் பொம்பளை வேண்டும், கரகத்தைப் பற்றிப் பேச வேண்டாமா என்று சென்னப்பனைத்தான் கேட்டாள். அவர் மறுபடி கல்லில் உட்கார்ந்தார். யார் என்ன பார்த்தார்கள் என்று முதலில் சொல்லட்டும் என்றாள் நஞ்சம்மாள். அதில் தப்பொன்றும் தெரியவில்லை சென்னப்பனுக்கு. சின்னக்காவைக் கூப்பிட்டார்.

சின்னக்கா கூட்டத்தைக் கண்டதும் நிமிர்ந்துகொண்டாள். இத்தனை காது ஒரே இடத்தில் அவளுக்குக் கிடைத்ததே இல்லை.

“கரகம் வரப்ப அவ திரும்பி நின்னா. சிரிச்சா. அப்புறம் நெஞ்சுல சிலுவை போட்டா. ஒடனே கரகம் விழுந்துச்சு” என்றாள் கணீரென்று.

கூட்டம் ‘உச்’ கொட்டியது. நஞ்சம்மாளின் முகத்தில் மட்டும் ஒரு வெளிச்சம் வந்தது. காலையிலிருந்து காதில் நின்ற மூன்று ‘ஆமா’வும் இப்போது காணாமல் போனது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

“சின்னக்கா, காலைல கெணத்துல எங்கிட்ட சொன்னியே, அதை அப்படியே சொல்லு.”

“அதைத்தான சொல்றேன்.”

“அப்படியே சொல்லு. வாலோட சொல்லு.”

சின்னக்கா விழித்தாள். பக்கத்தில் இருந்த பெண்களுக்குப் புரிந்துவிட்டது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். கடைசியில் சின்னக்காவே நெளிந்துகொண்டு, “நின்னாளாமா... சிரிச்சாளாமா...” என்று இழுத்தாள்.

நஞ்சம்மாள் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள்.

“காலைல நின்னாளாமா. சாயங்காலம் நின்னா. நடுவுல ஒரு பகலு, ஒரு கெணறு, ரெண்டு தெரு. அந்த வாலை யாரு அறுத்தாங்கன்னு எனக்குத் தெரியோணுங்க. எம்மருமவளை வூட்டைவிட்டுத் தொரத்தப் போறீங்க. தொரத்தறதுக்கு மின்னாடி எது பாத்தது, எது கேட்டதுன்னு பிரிச்சுப் போடுங்க. பாத்தவங்க எல்லாம் கோயில் பக்கம் நில்லுங்க. கேட்டவங்க கெணத்துப் பக்கம் நில்லுங்க.”

இப்படி ஒரு வழக்கம் ஊரில் இதற்கு முன் இல்லை. ஆனால் வேண்டாம் என்று சொல்ல எந்த வழக்கத்தையும் காட்ட முடியவில்லை. சென்னப்பன் தாடியைச் சொறிந்தார். அவருக்கும் தெரிந்துகொள்ள உள்ளூர ஆசைதான். “சரி, பிரிஞ்சு நில்லுங்கப்பா” என்றார்.

ஆட்கள் நகர்ந்தார்கள். முதலில் ஒருவர் இருவராகக் கிணற்றுப் பக்கம் போனார்கள். அண்ணன் போனதைப் பார்த்துத் தம்பி போனான். மாமியார் போனதைப் பார்த்து மருமகள் போனாள். இவ்வளவு நேரம் உரக்கப் பேசியவர்களெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு போனதைப் பார்க்கக் கண் கோடி வேண்டும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கோயில் பக்கம் காலியாகி, நாலைந்து பேர் மட்டும் ஆட்டுமந்தையில் கழித்துவிட்ட ஆடுகளாக நின்றார்கள்.

செக்குக்காரர் நடுவிலேயே நின்றுகொண்டிருந்தார். நான் பார்க்கவும் இல்லை, யாரும் சொல்லிக் கேட்கவும் இல்லை, ஆனால் வேதக்காரப் பெண்ணுக்கு நம்ம சாமி மேல் மரியாதை இருக்காது என்று எனக்குத் தோன்றுகிறது, நான் எந்தப் பக்கம் நிற்பது என்று கேட்டார். வம்புக்கு இல்லை, நிஜமாகவே சந்தேகம் அவருக்கு.

“தோணறது தப்பில்லீங்க” என்றாள் நஞ்சம்மாள். “அவ களி கிண்டறப்போ எனக்கும் என்னென்னமோ தோணுது. தோணுனதுக்கெல்லாம் தொரத்துனா இந்த ஊருல எந்த வூட்டுல மருமவ இருப்பா? நீங்க அங்கயே நில்லுங்க. ஆனா தோணுதுன்னு சொல்லுங்க, இருக்குன்னு சொல்லாதீங்க.”

ஊர் சிரித்தது. செக்குக்காரரும் சிரித்துவிட்டார். இதுவரை மதலையின் பெயரைக் கேட்டாலே முறைத்த ஊர், முதல் தடவையாக அவள் நின்ற பக்கம் சிரித்த முகத்தோடு திரும்பிப் பார்த்தது.

சிரிக்காதவர் பூசாரி மாது ஒருவர்தான். அவர் இரண்டு பக்கமும் நகரவில்லை.

“நான் பாத்தவனும் இல்ல, கேட்டவனும் இல்ல, தோணுதுன்னு சொல்றவனும் இல்ல. சொல்றேன், ஆத்தா கோவிச்சுக்கிட்டா. அவ்வளவுதான்.”

கூட்டம் அடங்கியது. இந்தச் சொல்லில் வால் இல்லை. முன்னும் இல்லை பின்னும் இல்லை. கல்லைத் தூக்கி நடுவில் போட்டது மாதிரி போட்டுவிட்டார். மாது பொய் சொல்கிறவர் இல்லை என்று நஞ்சம்மாளுக்குத் தெரியும். மாதையனுக்குச் சின்ன வயதில் அம்மை வார்த்தபோது, ராத்திரி பகலாகத் தலைமாட்டில் உட்கார்ந்து வேப்பிலை வீசியவர் அவர்தான்.

கரகம் விழுந்த அன்றைக்கு ஊரில் யார் மேலாவது ஆத்தா வந்து வாக்குச் சொன்னாளா என்று அவள் கேட்டாள். வரவில்லை என்றார் மாது. அதற்கப்புறம்? வரவில்லை. ஆனாலும் தெரியும் என்றார்.

“நீங்க நம்பறீங்க” என்றாள் நஞ்சம்மாள். இப்போது அவள் குரல் தணிந்திருந்தது. “நானும் நம்பறவதான். எம்மவன் பொழச்சது ஆத்தாவாலதான்னு நான் நம்பறேன். சாட்சி கேட்டா எங்கிட்ட இல்ல. யாரு இல்லைன்னாலும் நான் வுடமாட்டேன். அதனால உங்க நம்பிக்கைக்கு நான் சாட்சி கேக்க மாட்டேனுங்க. ஆனா அந்த நம்பிக்கையையே சாட்சியா வெச்சு ஒரு பொண்ணு வாழ்க்கையை அறுக்க வுடமாட்டேன்.”

மாது ஓரடி முன்னால் வந்தார். பிறகு, மதலை கும்பிட்டாளா இல்லையா, அது பார்த்த சேதிதானே, அதையாவது கேட்கலாமா என்றார். நியாயமான கேள்விதான்.

மதலை தானாகவே முன்னால் வந்தாள். முந்தானையைத் தலையிலிருந்து எடுத்துவிட்டாள்.

“கும்புடலைங்க” என்றாள். “எங்க வூட்டுல அப்படிப் பழக்கல. திரும்பி நிக்கல. சிரிக்கல. அத்தைக்கு மஞ்சத்தண்ணி மொண்டு குடுத்துட்டு நின்னேன். காளியன் மாமா தடுமாறுனாரு. பயந்துட்டேன். பயந்தா எங்கை நெத்திக்கும் நெஞ்சுக்கும் போவும். அன்னிக்கும் போச்சு.”

கும்பிட்டேன் என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் அங்கேயே விட்டிருப்பார்கள். சொல்லாமல் போனாளே என்று வெங்கடாசலம் தலையில் கையை வைத்துக்கொண்டார். நஞ்சம்மாளுக்கோ பெருமையில் நெஞ்சு விம்மியது. களியில் கட்டி தட்டினால் தட்டிவிட்டுப் போகட்டும், இவள் என் மருமகள் என்று நினைத்தாள்.

கோயில் பக்கம் நின்ற நாலைந்து பேரையும் சென்னப்பன் விசாரித்தார். கை போனதைப் பார்த்தோம், கரகம் விழுந்ததைப் பார்த்தோம் என்றார்கள். எது முதலில் என்று கேட்டால் முழித்தார்கள். எல்லாரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தவர்கள்தானே, காலை யார் கண்டது?

சென்னப்பன் நஞ்சம்மாள் பக்கம் திரும்பினார். “எல்லாரையும் பிரிச்சு நிறுத்துனியே ஆத்தா. நீ எந்தப் பக்கம்?”

நஞ்சம்மாள் இவ்வளவு நேரம் நடுவில்தான் நின்றிருந்தாள். பலிக்கல் ஓரத்தில் காளியன் கண்ணை மூடிக்கொண்டான். அவள் தம்பியைப் பார்த்தாள். அப்பனை நினைத்தாள். பிறகு கால் தடுமாறாமல் நடந்துபோய்க் கோயில் பக்கம் நின்றாள்.

“நான் பாத்தவதானுங்க. குனிஞ்சு தண்ணி ஊத்துனவ நான். மொதல்ல காலு வழுக்குச்சு. அப்புறந்தான் அவ கை போச்சு. தெருவே ஊத்துன தண்ணி எங்க வாசல்ல சேறாக் கெடந்துச்சு. அதுல வழுக்குச்சு. எந்தம்பி விரதம் தப்புனவன் இல்ல.” கடைசி வார்த்தையில் குரல் உடைந்தது. அழுதுகொண்டே நிமிர்ந்து நின்றாள்.

கூட்டம் காளியனைப் பார்த்தது. அவன் கண்ணைத் திறந்தான். காப்புக் கட்டிய கையைத் துடைத்துக்கொண்டான். பலிக்கல்லை விட்டு நகர்ந்து, ஊர் பார்க்க நடந்து வந்து அக்காவின் பக்கத்தில் நின்றான்.

“அக்கா சொல்றது நெசம். மொதல்ல எங்காலு.”

அப்புறம் சென்னப்பனுக்கு இடுப்பு வலி நினைவே இல்லை. எழுந்து நின்றார். கரகத்துக்குத் தண்ணீர் ஊற்றாத வீடு இந்தத் தெருவில் இருந்தால் கையைத் தூக்கச் சொன்னார். ஒரு கை எழவில்லை.

“ஊரு ஊத்துன தண்ணியில ஊருதான் வழுக்குச்சு. காளியன் மேல குத்தமில்ல, அந்தப் பொண்ணு மேலயும் குத்தமில்ல. புதுசாக் கரகம் ஜோடிங்க. அவனே சுமக்கட்டும். இந்தத் தடவை வாசல்ல மணலைக் கொட்டி வையுங்க.”

பம்பைக்காரன் யாரும் சொல்லாமலே பம்பையை எடுத்துவிட்டான். சின்னக்காதான் முதலில் ஓடிவந்து மதலையின் கையைப் பிடித்துக்கொண்டாள். பூசாரி மாது நஞ்சம்மாளைக் கடந்து போகும்போது நின்றார். ஆத்தா கோபித்துக்கொண்டாள் என்றுதான் இன்னும் நம்புவதாகவும், அது தன் மேல்தானோ என்று இப்போது தோன்றுவதாகவும் சொன்னார். புதுக் கரகத்துக்கு வேப்பிலை ஒடிக்கக் கோயிலுக்குப் பின்னால் போனார். காளியன் அக்காவின் காலைத் தொடக் குனிந்தான். அவள் அவன் காதைப் பிடித்துத் தூக்கினாள். காப்புக் கட்டினவன் யார் காலிலும் விழக்கூடாது என்று திட்டினாள்.

மருமகளை முன்னால் விட்டு நஞ்சம்மாள் தெரு வழியாக வீட்டுக்கு வந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வாசலுக்கு வாசல் பெண்கள் எழுந்து நின்றார்கள். அவள் யாரிடமும் நிற்கவில்லை. முகத்தை மட்டும் எல்லாரும் பார்க்கும்படி வைத்துக்கொண்டு நடந்தாள். வெங்கடாசலம் நாலடி பின்னால், தானே ஜெயித்தவர் மாதிரி மீசையைத் தடவிக்கொண்டு வந்தார்.

வீட்டு வாசலில் ஒரு மாட்டு வண்டி நின்றது. நுகத்தடியிலிருந்து மாடுகளை அவிழ்க்கவில்லை. வண்டிப் பக்கத்தில் சவுரியப்பன் நின்றார். மதலையின் அப்பன்.

“ஏறும்மா” என்றார் மகளிடம். வேறு ஒரு வார்த்தை இல்லை.

நஞ்சம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. சம்பந்தி, சங்கதி தெரியாமல் வந்துவிட்டீர்கள், எல்லாம் நல்லபடி முடிந்தது, உள்ளே வாருங்கள் என்றாள். சவுரியப்பன் நகரவில்லை. ஊர் என்ன சொன்னது என்று அவர் கேட்கவும் இல்லை.

“ஊருக்காக வரலீங்க. மாதையன் சொல்லித்தான் வண்டி கட்டினேன்.”

சிரிப்பு அப்படியே நின்றது. மாதையன் கோலாரில் அல்லவா இருக்கிறான்? ஆள் மூலம் சொல்லி அனுப்பினானா, யார் வந்து சொன்னது என்று நஞ்சம்மாள் கேட்டாள்.

“யாரும் வந்து சொல்லல. நேத்து ராத்திரி அவனே எங்கூட்டுலதான் படுத்திருந்தான். என் எதுர்ல உக்காந்து சொன்னான், அவளைக் கூட்டியாந்துருங்கன்னு.”

பெற்ற பிள்ளை அரை நாள் வண்டித் தூரத்தில் இருந்திருக்கிறான். வீட்டுக்கு வரவில்லை. இதில் வால் ஒட்டவும் வெட்டவும் ஒன்றுமில்லை. சவுரியப்பன் பார்த்ததைச் சொல்கிறார். ஊரையே பேச வைத்தவள் வண்டிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மதலை வண்டியிடம் போனாள். ஏறப்போகிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவள் வண்டியைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் வந்து, நுகத்தடியில் கை வைத்தாள். பூட்டாங்கயிற்றை இழுத்தாள். ஒரு மாடு விடுபட்டுக் கழுத்தை உதறியது.

“மாட்டை அவுக்காத” என்றார் சவுரியப்பன்.

அவள் அடுத்த மாட்டையும் அவிழ்த்தாள். இரண்டையும் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் ஓட்டிவிட்டு, அப்பனை நேராகப் பார்த்தாள்.

“கை கால் கழுவிக்கிட்டுச் சாப்புட வாங்கப்பா. என்னை அனுப்பறதா இருந்தா, அவரு இந்த வாசலுக்கு வந்து, அத்தை எதுர்ல, என் மூஞ்சியப் பாத்துச் சொல்லட்டும்.”